பேசும் பெட்டி பாட மறுத்தால்...

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது சாணார்பட்டி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகிய அவ்வூருக்குத் தெற்கே சிறுமலைத் தொடர் நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் மாந்தோப்புகள், புளிய மரங்கள், கிணற்று நீரை நம்பிய காடுகழனிகள். அங்கே பழைய காரைவீடு ஒன்றில் என் அத்தை வாழ்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. கண்நீர் அழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அறியும் அளவே இப்போது மிஞ்சியிருக்கிறது. காது மட்டும் இன்றும் கூர்மையானது. வாசலில் வந்து நிற்பவர் யாரென்று செருப்பின் ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவார்.

இத்தகையவருக்கு வானொலி எத்தகைய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் மரப்பெட்டி வானொலி இருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் அதற்கு உரிமக் கட்டணம் செலுத்துவார் மாமா. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையமும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியும் அப்பெட்டியில் மாறி மாறி ஒலிக்கும். பின்னர் மதுரை நிலையம் வந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து பண்பலை வந்தது. சிற்றலை வரிசையில் பிலிப்பைன்சிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியும், இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையும் கேட்டன. தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு வானொலி ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. வேரித்தாஸ் 2018 சூன் 30ஆம் நாளோடு சிற்றலையை விட்டு இணையத்திற்குச் சென்றது. "இனி இணையத்தில் கேட்கலாம்" என்றார்கள். கண் தெரியாத மூதாட்டி இணையத்தை எங்கே போய்த் தேடுவார்?

இதை எண்ணித்தான் கோயம்புத்தூரில் பணிபுரியும் பேரன், சென்ற ஆண்டு பாட்டிக்கு ஒரு 'ஸ்மார்ட் ஸ்பீக்கர்' வாங்கித் தந்தான். உள்ளங்கையில் அடங்கும் உருண்டைப் பெட்டி. பொத்தானைத் தேட வேண்டாம். பெயர் சொல்லி அழைத்து, வேண்டியதைக் கேட்டால் பாடும். அத்தைக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "மாமா இருந்திருந்தா இதுக்கும் லைசென்சு கட்டப் போயிருப்பாரு" என்று சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து நான் சென்றபோது பெட்டி மௌனமாக இருந்தது.

"என்ன அத்தை, பெட்டி பாடுகிறதா?" என்றேன்.

"அது பாடுற நேரத்துக்குப் பாடும் தம்பி. நமக்காகவா பாடுது?" என்றார்.

மருமகள்தான் விவரம் கூறினாள். "காலையில நல்லாப் பாடுது அண்ணே. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல போட்டா, ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள நின்னு போகுது. சில நாள் விட்டு விட்டுப் பாடுது. மகனுக்குப் போன் போட்டா, 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா, வேலையா இருக்கேன்'ங்கிறான்."

"எதுக்கு அந்தப் பிள்ளையைத் தொந்தரவு பண்ணணும்? எனக்குப் பழகிருச்சு" என்றார் அத்தை. மூன்று வாரங்களாக மாலையில் பெட்டியை அழைப்பதையே அவர் விட்டுவிட்டிருந்தார். பேரனுக்குச் சுமையாகக் கூடாது என்பதற்காக ஒரு முதியவர் தம் சிறு இன்பத்தையும் துறந்துவிட்டார் என்பது என்னை வருத்தியது. எப்படியும் இதைச் சீர்ப்படுத்திவிட்டே திரும்புவது என்று உறுதி கொண்டேன். அம்முயற்சியில் நான் கற்றவை இத்தகைய பெட்டி உள்ள மற்ற இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால் ஈண்டு எழுதுகிறேன்.

பாட்டு வருகிற வழி

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். பாட்டு அந்தப் பெட்டிக்குள் இல்லை. வானொலியில், ஒரு கோபுரம் பரப்பும் அலையை ஆயிரம் வீடுகள் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கின்றன. இணையப் பாட்டு அப்படி வருவதன்று. நாம் கேட்டதும், நம் குரல் பல நூறு கல் தொலைவில் உள்ள கணினிக் கூடத்திற்குச் செல்கிறது. அங்கே நம் சொல் இன்னதென்று அறியப்படுகிறது. பிறகு பாட்டு நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து, நம் வீட்டிற்கென்றே தனியாக ஒரு வாய்க்கால் வெட்டியதுபோல், பாட்டு துண்டு துண்டாக வருகிறது. கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ கைபேசிக் கோபுரம் வழியாகவோ வீட்டை அடைந்து, வைஃபை அலையாகி, பெட்டிக்குள் நுழைகிறது.

சாணார்பட்டித் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கிணற்று நீரை மோட்டார் இறைத்துத் தொட்டியில் நிரப்புகிறது. தொட்டியிலிருந்து நீர் பாத்திக்குப் பாய்கிறது. பேசும் பெட்டியினுள்ளும் அத்தகைய சிறு தொட்டி ஒன்று உண்டு. சில நொடிகளுக்கு வேண்டிய பாட்டை முன்னரே சேர்த்து வைத்துக்கொண்டு அது பாடுகிறது. வருகின்ற நீர் பாய்கின்ற நீரைவிடக் குறைந்தால் தொட்டி வற்றும், பாட்டு நிற்கும், மீண்டும் நிறைந்ததும் பாடும். ஆகவே, விட்டு விட்டுப் பாடினால் வரத்துக் குறைவு என்று பொருள். நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்று, மீண்டும் எழவே இல்லை என்றால், எங்கோ மடை அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். மருந்தும் வெவ்வேறு. இந்த வேறுபாட்டை முதல் நாளில் நான் அறியவில்லை. அதனால் பாதி வைத்தியமே செய்தேன்.

முதல் நாள் வைத்தியம்

அன்று நண்பகல். முதலில் விளக்குகளைப் பார்த்தேன். பெட்டிகள் தம் நிலையை நிறத்தால் கூறுகின்றன. சான்றாக, அமேசானின் 'எக்கோ' பெட்டியில் சிவப்பு வளையம் எரிந்தால், ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். குழந்தைகள் விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பெரியவர்கள் பெட்டி கெட்டுவிட்டதென்று கவலைப்படுவார்கள். செம்மஞ்சள் ஒளி சுற்றிக்கொண்டே இருந்தால், வைஃபையோடு சேர முயல்கிறது என்று பொருள். கூகிள் பெட்டிகளில் ஒலிவாங்கியை அணைத்தால் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றும். அத்தையின் பெட்டியில் இவ்வகைக் குறை எதுவும் இல்லை.

அடுத்து இணையக் கம்பி வந்து சேரும் பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீடுகளில் இதைக் கவனிப்பது மிக எளிது. 'பான்' என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். 'லாஸ்' என்று வழங்கும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால், தெருவில் எங்கோ இழை அறுந்துவிட்டது. சாலைக்குப் பள்ளம் தோண்டியிருப்பார்கள், லாரி உரசியிருக்கும். அப்போது வீட்டுக்குள் எதைத் திருகியும் பயனில்லை. இணைப்புத் தந்தவரை அழைப்பதே வழி. அன்று விளக்குகள் பச்சையாகவே இருந்தன.

பிறகுதான் பெட்டி இருந்த இடம் கண்ணில் பட்டது. முன்கூடத்தில் வைஃபை பெட்டி. அத்தையின் கட்டிலோ உள்ளறையில். இடையே ஒன்றரை அடிக் கனத்தில் பழைய சுவர். போதாததற்கு, பேசும் பெட்டியை மாடக்குழியில் வைத்து, அதன் முன்னே இரும்பு பீரோவை நிறுத்தியிருந்தார்கள்! வைஃபை அலை ஒளியின் உடன்பிறப்பு. இரும்பில் பட்டால் திரும்பிவிடும். கனத்த சுவரில் புகுந்தால் களைத்துவிடும். வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்ததாயினும் சுவர்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது, சுவருக்கு அஞ்சுவது. பாட்டுக்கு மிகுந்த வேகம் தேவையில்லை. ஆதலால் உள்ளறைப் பெட்டியை 2.4இல் சேர்ப்பதே நலம். ஆனால் ஒன்று: சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவதால், அடுப்புக்கு அருகே பெட்டியை வைத்தல் ஆகாது.

பீரோவை நகர்த்தச் செய்தேன். பேசும் பெட்டியைச் சன்னல் ஓரத்து முக்காலிக்கு மாற்றினேன். பாட்டு தங்குதடையின்றி ஓடியது. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு காப்பியைக் குடித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் பேருந்து ஏறினேன்.

மறுநாள் இரவு மருமகள் கைபேசியில் அழைத்தாள். "அண்ணே, இப்ப விட்டு விட்டுப் பாடறது இல்லை. ஆனா சாயங்காலம் அதே மாதிரி நின்னு போச்சு." என் பெருமை அன்றோடு அடங்கிற்று.

வரத்துக் கணக்கு

இரண்டாம் முறை செல்வதற்கு முன், தொட்டிக் கணக்கைச் சற்றே போட்டுப் பார்த்தேன். பாட்டின் அளவை நொடிக்கு இத்தனை 'கிலோபிட்' என்று கூறுவர். ஸ்பாட்டிஃபை போன்ற சேவையில் சாதாரணத் தரம் 96, உயர்தரம் 160, மிக உயர்ந்த தரம் 320. 160 கிலோபிட் பாட்டை ஒரு மணி நேரம் கேட்டால் 72 மெகாபைட் செலவாகும். 320 ஆனால் 144 மெகாபைட். நாளுக்கு மூன்று மணி நேரம் உயர்தரத்தில் கேட்டாலும் 216 மெகாபைட்தான். நாளுக்கு ஒன்றரை கிகாபைட் தரும் சாதாரணக் கைபேசித் திட்டத்திற்குள்கூட இது அடங்கிவிடும்.

எனினும் கைபேசியின் 'ஹாட்ஸ்பாட்' கொண்டு பெட்டியை இயக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. பகலெல்லாம் பிள்ளைகள் படக்காட்சி பார்த்து அன்றைய அளவைத் தீர்த்துவிட்டால், பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். 96 வேண்டிய பாட்டுக்கு 64 வந்தால் என்ன ஆகும்? தொட்டி வற்றி வற்றி நிறையும். பாட்டு விக்கி விக்கி வரும். பெட்டியைக் குறைகூறிப் பயனில்லை. பாட்டுச் செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைத்தாலே பல வீடுகளில் விக்கல் நின்றுவிடும்.

மின்தடைக்குப் பின் வரும் குழப்பமும் நம் பகுதிக்கு உரியதே. மின்சாரம் திரும்பியதும் பேசும் பெட்டி முந்திக்கொண்டு விழித்துவிடும். இணையப் பெட்டி விழித்து வெளியுலகோடு தொடர்பு கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். தேடிக் காணாத பேசும் பெட்டி, "இணையம் இல்லை" என்று சொல்லி அயர்ந்துவிடும். அப்போது வரிசை முக்கியம். முதலில் இணையப் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போட வேண்டும். பச்சை விளக்கு நிலைத்த பிறகே பேசும் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிச் செருக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் அணைத்துப் போடுகிறவர்கள் அதே குழப்பத்தை மீண்டும் உண்டாக்குகிறார்கள்.

அத்தை வீட்டில் இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. கம்பி இணைப்பு, அளவுக் கட்டுப்பாடு இல்லை, மாலையில் மின்தடையும் இல்லை. பின் மடையை அடைப்பது யார்?

மாலை ஆறரை மணி

இம்முறை நண்பகலில் போகாமல் மாலையில் போனேன். மருத்துவர்கூட நோய் வரும் வேளையில் பார்த்தால்தானே நோயை அறிவார்! விளக்கேற்றும் நேரம். மருமகள் பெட்டியை அழைத்துப் பாட்டுக் கேட்டாள். பாடத் தொடங்கியது. அத்தை கட்டிலில் சாய்ந்து விரலால் தாளம் போட்டார். ஒரு பாட்டு முடிந்து, இரண்டாம் பாட்டின் நடுவே குரல் அறுந்தது.

நான் இணையப் பெட்டியைப் பார்த்தேன். விளக்குகள் பச்சை. என் கைபேசியை அதே வைஃபையில் சேர்த்துப் படக்காட்சி ஒன்றைப் போட்டேன், தடையின்றி ஓடியது. ஆக, தண்ணீர் வீடுவரை வந்துவிட்டது. "மறுபடி கேள், அம்மா" என்றேன். மருமகள் கேட்டாள். பெட்டி பாடவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடங்கிற்று.

"தினமும் இதைத்தான் அண்ணே சொல்லுது. இங்கிலீசுல என்னமோ சொல்லுது. நமக்கு எங்கே புரியுது?" என்றாள்.

எனக்குப் புரிந்தது. 'உங்கள் கணக்கு வேறொரு கருவியில் இப்போது பாடிக்கொண்டிருக்கிறது' என்பதே அது சொன்ன செய்தி.

உடனே கோயம்புத்தூருக்குக் கைபேசியில் அழைத்தேன். "இப்போது என்னப்பா செய்துகொண்டிருக்கிறாய்?"

"ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல போய்க்கிட்டிருக்கேன் மாமா. பாட்டுக் கேட்டுக்கிட்டு."

"தினமும் இதே நேரமா?"

"ஆமா மாமா. ஆறரைக்குத்தான் பஸ் ஏறுவேன். ஏன்?"

நான் விளக்கினேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பாட்டிக்குப் பெட்டி வாங்கியபோது தன்னுடைய கணக்கையே அதில் பதிந்து கொடுத்திருந்தான். ஒருவருக்கென்று சந்தா கட்டிய கணக்கு ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். கோயம்புத்தூர்ப் பேருந்தில் அவன் பாட்டைத் தொட்ட கணமே சாணார்பட்டியில் பாட்டியின் பாட்டு நின்றது. அவனுக்கு அது தெரியாது. பெட்டி ஒவ்வொரு மாலையும் காரணத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீட்டார் அறியாத மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

"பாட்டிக்கிட்ட போனைக் குடுங்க மாமா" என்றான். அத்தை வாங்கிப் பேசினார். அவன் என்ன சொன்னானோ, "நீ கேளுய்யா. அலைஞ்சு வர்ற பிள்ளை, நீ கேளு. நான் காலையில கேட்டுக்கிறேன்" என்று அத்தை சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

கணக்கு யாருடையது?

பேசும் பெட்டி வாங்கித் தரும் பிள்ளைகள் பெரும்பாலும் செய்யும் தவறு இது. பரிசைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதனால் விளையும் தொல்லை பலவகை. வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினால், பெட்டிக்குப் புதுச் சொல்லைச் சொல்லித்தர அதற்குரிய செயலி உள்ள கைபேசி அதே வீட்டில் இருக்க வேண்டும். செயலியோ துபாயிலோ சென்னையிலோ உள்ள மகனிடம் இருக்கும். அவன் கைபேசியை மாற்றினாலும், வங்கி அட்டை காலாவதியாகிச் சந்தா கட்டத் தவறினாலும், ஊரில் பெட்டி ஊமையாகிவிடும்.

பாட்டு நிறுவனங்களே மூடப்படுவதும் உண்டு. கூகிள் பிளே மியூசிக் 2020இல் முடிவுற்று, யூடியூப் மியூசிக் அதன் இடத்திற்கு வந்தது. ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் மியூசிக் 2024இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பெட்டியில் 'முதன்மைப் பாட்டுச் சேவை' என்று இத்தகைய ஒன்றைக் குறித்து வைத்திருந்தவர்கள் செயலியைத் திறந்து வேறொன்றைக் குறிக்க வேண்டியதாயிற்று. கேட்ட பாட்டு இருக்க வேறு பாட்டு வருகிறது, பாட்டே இல்லை என்கிறது என்போர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இந்த 'முதன்மைச் சேவை' அமைப்பே.

குடும்பச் சந்தா என்றொரு வழி உண்டு. சில சேவைகளில் ஆறு பேர் வரை தனித்தனிக் கணக்கோடு சேரலாம். ஆனால் அனைவரும் ஒரே முகவரியில் வசிப்போராக இருக்க வேண்டும் என்பது விதி. கோயம்புத்தூரும் சாணார்பட்டியும் ஒரே முகவரியாகா. ஆகவே மருமகளின் கைபேசி எண்ணில் வேறு கணக்கைத் தொடங்கினோம். பெட்டியிலிருந்து பேரனின் கணக்கை நீக்கி, இதைச் சேர்த்தோம். சந்தாவைப் பேரனே கட்டுவதாகக் கூறினான். பணம் அவனுடையது, சாவி இனி அந்த வீட்டில்.

மொழி என்னும் மதில்

பாட்டு வந்தது. ஆயினும் அத்தை கேட்டால் பெட்டி தடுமாறியது. அமேசானின் அலெக்சா இந்தியாவிற்கு 2017இல் வந்தபோது ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. 2019இல் இந்தியும் சேர்ந்தது. கூகிள் பெட்டி 2018இல் இந்நாட்டுக்கு வந்தது. ஆங்கிலம் கேட்கப் பழகிய செவிக்குத் தமிழ்ப் பாட்டின் முதலடி வேறெதுவாகவோ கேட்கிறது. நம் நாவில் இயல்பாக வரும் ழகரமும் றகரமும் அங்கே பாழாகின்றன.

இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டோம். செயலியில், அத்தைக்கு விருப்பமான பாட்டுகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, அதற்குப் பெட்டி தவறாமல் அறியும் ஒரு சிறு பெயரை இட்டோம். காலைத் தொகுப்புக்கு 'மார்னிங்', மாலைத் தொகுப்புக்கு 'கார்டன்'. பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் வேண்டாம். ஒரு சொல் போதும். அத்தை இரண்டு நாளில் பழகிவிட்டார். பேசவே இயலாத நோயாளிகள் உள்ள வீடுகளில் இன்னொரு வசதியும் உதவும். குறித்த மணிக்குத் தானே பாடும்படி அலெக்சா பெட்டிகளில் 'ரொட்டீன்' என்னும் ஏற்பாட்டைச் செய்து வைக்கலாம். விடியலில் ஐந்தரை மணிக்கு, யாரும் எழுப்பாமலே, பெட்டி மெல்லப் பாடத் தொடங்கும்.

இன்னொரு சிறு குறிப்பு. பெட்டி 'பாடுகிறேன்' என்று சொல்லியும் ஓசை வராவிட்டால், அது 'புளூடூத்' வழியாக வேறொரு ஒலிபெருக்கியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு அங்கே, பக்கத்து அறையில், ஒலித்துக்கொண்டிருக்கும்!

பொறுமை வேண்டும் இடம்

குற்றம் நம் வீட்டிலும் இல்லாமல், நம் ஊரிலும் இல்லாமல் இருக்கக்கூடும். 2025 அக்டோபர் 20ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள அமேசானின் கணினிக் கூடங்களில், இணைய முகவரிகளைக் குறித்து வைக்கும் ஏட்டில் நேர்ந்த பிழையால், பல நாடுகளிலும் எண்ணற்ற சேவைகள் தடுமாறின. அலெக்சாவும் அவற்றுள் ஒன்று. அத்தகைய நாளில் பெட்டியைப் பிரித்து மேய்வது வீண். சில மணி நேரம் பொறுத்தால் தானே சரியாகும்.

பொறுமையின்மையால் நோய் முற்றுவதும் உண்டு. 2025 மார்ச் மாதத்தில், கூகிள் நிறுவனத்தின் பழைய 'குரோம்காஸ்ட்' கருவிகள் சிலவும், பாட்டுக்கென்றே செய்யப்பட்ட 'குரோம்காஸ்ட் ஆடியோ'வும் திடீரென்று செயலற்றன. அவற்றினுள் இருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். 'கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்ற வேண்டாம்' என்று அந்நிறுவனமே கேட்டுக்கொண்டது. சில நாட்களில் திருத்தம் வந்தது. அவசரப்பட்டு முன்பே அவ்வாறு மாற்றியவர்கள்தாம் கூடுதல் அல்லற்பட்டனர். தொழிற்சாலை நிலைக்கு மாற்றுவது என்பது, பெட்டி கற்ற அனைத்தையும் மறக்கச் செய்வது. வைஃபை, கணக்கு, தொகுப்பு யாவும் போய்விடும். கையில் கடவுச்சொல்லும் செயலியும் இல்லாதவர் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. அது கடைசி மருந்து.

சுவரில் ஒரு தாள்

அன்றிரவு கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்கு முன், ஒரு தடித்த தாளை எடுத்துத் தமிழில் பெரிய எழுத்துகளில் எழுதினேன். முதல் வரியில் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும். அடுத்து, இணைப்புத் தந்தவரின் தொலைபேசி எண்ணும் வாடிக்கையாளர் எண்ணும். அதன் கீழே: 'விட்டு விட்டுப் பாடினால், பெட்டியை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து பார்க்கவும். பாடவே இல்லையென்றால், பச்சை விளக்கைப் பார்க்கவும். சிவப்பு மின்னினால் இணைப்புக்காரரை அழைக்கவும். பச்சையாக இருந்தால், முதலில் இணையப் பெட்டி, பிறகு பேசும் பெட்டி என்ற வரிசையில் அணைத்துப் போடவும். பெட்டி ஏதாவது சொன்னால், அதைக் கைபேசியில் பதிவு செய்து பேரனுக்கு அனுப்பவும்.'

கடைசி வரி மருமகளின் யோசனை. "புரியலைன்னாலும் அனுப்பி வைக்கலாம்ல அண்ணே" என்றாள். முதல் நாளே யாரேனும் அவ்வாறு செய்திருந்தால் மூன்று வார மௌனம் நேர்ந்திராது.

கடவுச்சொல் எழுதிய தாளை வந்தவர் போனவர் கண்ணில் படும்படி வைத்தல் ஆகாது என்பதால், பீரோவின் கதவுக்கு உட்புறம் ஒட்டினோம். இப்போது அந்தப் பீரோவும் சுவரோரமாக, வழிவிட்டு நிற்கிறது.

தொலைவில் இருந்து பெற்றோருக்கு இத்தகைய பெட்டி வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியோடு ஒரு நாளையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் பெயரிலேயே கணக்கைத் தொடங்கி, அருகிருப்பவர் கைபேசியில் செயலியைப் பதிந்து, அது பேசும் ஆங்கில வாக்கியங்கள் நான்கைந்தின் பொருளைச் சொல்லி வையுங்கள். பெரியவர்கள் "பழகிருச்சு" என்று சொன்னால், அதைக் குறை தீர்ந்ததாகக் கொள்ளாதீர்கள்.

பேருந்து நிறுத்தத்திற்குப் புறப்பட்டு வாசல் தாண்டினேன். மணி எட்டு. உள்ளறையில் 'கார்டன்' தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை என் செருப்பின் ஓசையைக் கேட்டு அழைத்தார். "தம்பி, அவன் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பானா? இப்ப அவனும் கேட்கிறானான்னு கேளு."

கைபேசியில் கேட்டேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.